‘கம்பைல் ஆகிவிட்டது’ என்றால் சரியாகிவிட்டது என்று பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் நிரல்மொழிகளைப் பற்றி வெளிவந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் புரியும்படி, அதே வேளையில் பொருள் சிதையாமல் எழுதப்பட்டிருந்தது. அதற்காகக் கட்டுரையாளருக்கு என் பாராட்டு. ஆனால், தொகுப்பி, அதாவது நாங்கள் பேச்சில் கம்பைலர் என்று சொல்லும் மென்பொருள், பிழை எதுவும் சுட்டாமல் ஒரு நிரலை ஏற்றுக்கொண்டால் அந்த நிரல் சரியானது என்று நம்பலாம் என்ற பொருள்பட அதில் ஒரு வரி இருந்தது. இருபது ஆண்டுகளாக நிரல் எழுதுபவன், அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியை எழுதிய நிரலில் பிழை தேடுவதிலேயே கழித்தவன் என்ற முறையில், அந்த வரியைக் கண்டும் காணாமல் போக மனம் ஒப்பவில்லை. இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் எளிதில் கற்றுக்கொண்டு, பிறகு மறப்பதற்குப் படாத பாடு படுவது இந்த ஒரு நம்பிக்கையைத்தான்.

தொகுப்பி என்ற பெயரே ஒரு வரலாற்று எச்சம். 1952-ஆம் ஆண்டு வாக்கில் யூனிவாக் கணினிக்காக கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற அமைப்பு, முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்த நிரல்துண்டுகளை நூலகத்திலிருந்து எடுத்து ஒன்றாகத் தொகுத்துக் கொடுத்தது. பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைய தொகுப்பியின் வேலை பெரிதும் மொழிபெயர்ப்பு வேலை. மனிதர் எழுதிய மூல நிரலைச் சொற்களாகப் பிரித்து, அச்சொற்கள் மொழியின் இலக்கணப்படி அமைந்துள்ளனவா என்று பார்த்து, ஒவ்வொரு மாறியின் தரவு வகையும் (எண்ணா, எழுத்தா என்பது போன்றது) அது வரும் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து, பிறகு அனைத்தையும் ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, வேகத்துக்காகப் பலமுறை திருத்தி அமைத்து, கடைசியில் இயந்திரக் கட்டளைகளாக எழுதித் தருகிறது. இவற்றுள் முதல் மூன்று படிகளில் சிக்கும் பிழைகளைத்தான் அது பெரும்பாலும் நம்மிடம் சொல்லும். எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் இல்லாமல் எழுதப்பட்ட கடிதம் என்பதற்காக அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று யாரும் வாதிடுவதில்லை. நிரலுக்கும் அந்த அளவுகோலே பொருந்தும்.

பத்து எண்களின் கூட்டுத்தொகையைக் கேட்டவருக்கு ஒன்பது எண்களை மட்டும் கூட்டித் தரும் நிரலும் இலக்கணப்படி குறையற்ற நிரலே. எண்ணத் தொடங்கும் இடத்தையோ முடிக்கும் இடத்தையோ ஒன்று தள்ளி எழுதிவிடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நேரும் பிழை. அதைத் தொகுப்பி கண்டுபிடிக்க வேண்டுமானால், நம் மனத்தில் இருந்தது பத்தா ஒன்பதா என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் ஆழமான தடை ஒன்றும் உண்டு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லிவிடக்கூடிய பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்பது, 1936-இல் ஆலன் டூரிங் தொடங்கிவைத்த ஆய்விலிருந்து கிடைத்த முடிவு. ஆகவே, எல்லாப் பிழையையும் நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடும் தொகுப்பி இதுவரை வராமல் போனதற்குக் காரணம் அதை எழுதுபவர்களின் திறமைக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. இன்னும் நூறு ஆண்டுகள் கொடுத்தாலும் அது வரப்போவதில்லை.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பயணம் ஏறத்தாழ 40 வினாடிகளில் வெடிப்பில் முடிந்தது. அதன் வழிகாட்டு நிரல் எழுதப்பட்ட ஏடா, தரவு வகைகளில் கண்டிப்புக்குப் பெயர்போன மொழி. 64 பிட் மிதவைப்புள்ளி எண் (பின்னப் பகுதியும் கொண்ட எண்) ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், அந்த முழு எண்ணுக்குள் அடங்காத பெரிய மதிப்பு வந்து சேர்ந்தது. முந்தைய ஏரியான் 4-இன் பாதையில் அம்மதிப்பு அவ்வளவு வளராது என்று கணக்கிட்டு அந்த மாற்றத்துக்குப் பாதுகாப்புச் சோதனை வைக்காமல் விட்டிருந்தார்கள். அதே நிரல் புதிய ஏவூர்திக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. தொகுப்பியைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. தன்னிடம் கொடுக்கப்பட்டதை அது ஒழுங்காகவே மொழிபெயர்த்தது. ஏவூர்தி மாறிவிட்டது என்பதை அதனிடம் சொல்வதற்கு வழி ஏது?

இதுவரை சொன்னவை தொகுப்பிக்கு எட்டாத பிழைகள். சி மொழியிலும் சி++ மொழியிலும், நம் பிழையைத் தொகுப்பியே இன்னும் பெரிதாக்கிவிடும் இடங்கள் உண்டு என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. சில செயல்களுக்கு விளைவு இன்னது என்று அம்மொழிகளின் தரநிலை வரையறுக்காமல் விட்டிருக்கிறது. குறியுடைய (கூட்டல், கழித்தல் குறி ஏற்கும்) முழு எண் தனக்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் எல்லையைத் தாண்டுவது, வெற்றுச் சுட்டியின் வழியே, அதாவது நினைவகத்தின் எந்த இடத்தையும் காட்டாத முகவரியின் வழியே, நினைவகத்தை அணுகுவது ஆகியவை அவற்றுள் அடிக்கடி நேர்பவை. நிரலாளர் இவற்றை ஒருபோதும் செய்யமாட்டார் என்று வைத்துக்கொள்ளும் உரிமை தொகுப்பிக்கு உண்டு. அந்த உரிமையைக் கொண்டுதான் அது நிரலை வேகப்படுத்துகிறது. ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, விடை பழைய எண்ணைவிடச் சிறிதாக இருக்கிறதா என்று பார்ப்பதன்மூலம் எல்லை தாண்டியதைக் கண்டுபிடிக்க ஒருவர் சோதனை எழுதுகிறார் என்று கொள்வோம். எல்லை தாண்டுதல் நடக்கவே நடக்காது என்ற அனுமானத்தில் நிற்கும் தொகுப்பிக்கு, ஒன்றைக் கூட்டினால் எண் குறையாது. ஆகவே அந்தச் சோதனை வீண். ஆகவே அதை நீக்கிவிடலாம். எச்சரிக்கைகூட வராமல் போகலாம். திருடன் வரவே மாட்டான் என்று முடிவு செய்து காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும் கதைதான்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2009-இல் லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கருவகத்தின் பிணைய இயக்கி ஒன்றில், ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு அதன் பிறகு அது வெற்றுச் சுட்டியா என்று சோதிக்கும் நிரல் இருந்தது. ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, ஆகவே வெற்றாக இருக்க முடியாது என்ற தருக்கத்தில் ஜி.சி.சி. தொகுப்பி அந்தச் சோதனையை நீக்கிவிட, கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றும் வழி திறந்துகொண்டது. மூல நிரலைப் படித்தவரின் கண்ணுக்குச் சோதனை தெரிந்தது. ஓடிய நிரலில் அது இல்லை. அதன்பின் இவ்வகை நீக்கத்தைத் தடுக்கும் விருப்பத்தேர்வைச் சேர்த்தே லினக்ஸ் கருவகத்தைத் தொகுக்கும் வழக்கம் வந்தது.

நிரலாளர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு வந்துவிட்டால் இரண்டு அணிகள் உருவாகாமல் இருப்பதில்லை. நான் எழுதியதைத் தொகுப்பி கெடுத்துவிட்டது என்பது ஓர் அணி. ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள், தொகுப்பி விதிப்படிதான் நடந்தது என்பது மற்றோர் அணி. வேகத்தின்மேல் தொகுப்பி எழுதுபவர்களுக்கு இருக்கும் பற்று நேற்று முளைத்ததும் இல்லை. ஐ.பி.எம். 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் தொகுப்பி, கையால் எழுதிய இயந்திர நிரலுக்கு ஈடான வேகத்தைத் தராவிட்டால் எவரும் அதைத் தொடமாட்டார்கள் என்ற கவலையோடுதான் எழுதப்பட்டது. அதில் நியாயம் இருக்கிறது. நீக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் எச்சரிக்கை தர வேண்டும் என்று கேட்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரு பெரிய நிரலில் இத்தகைய நீக்கங்கள் பல்லாயிரம் நடக்கும், அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. இருந்தும், என் சார்பு முதல் அணியின் பக்கமே. விதியை மீறியவனைத் தண்டிப்பது விதியின் நோக்கம் என்றால், மீறியதை அவனுக்கு அறிவிப்பதும் அந்த விதியின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த மொழிகள் இதை உணர்ந்திருக்கின்றன. ஜாவாவும் கோ மொழியும் எல்லை தாண்டும் முழு எண் எப்படிச் சுற்றிவரும் என்பதை வரையறுத்துவிட்டன. ரஸ்ட் மொழியில், உருவாக்க நிலையில் தொகுத்த நிரல் எல்லை தாண்டும் இடத்திலேயே நின்று, எந்த வரியில் நின்றது என்றும் சொல்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த நிறுவனம் ஒன்றில், சி மொழியில் எழுதிய அறிக்கை நிரல் ஒன்று வாடிக்கையாளரின் கணினியில் எப்போதாவது தவறான மொத்தத்தைக் காட்டியது. என் கணினியில் நூறு முறை ஓட்டினாலும் சரியான விடையே வந்தது. சந்தேகப்பட்ட இடத்தில் மாறியின் மதிப்பை அச்சிட ஒரு வரி சேர்த்து அனுப்பினால் பிழை மறைந்தது. அந்த வரியை எடுத்தால் திரும்பியது. மூன்று நாள் இப்படிக் கழிந்தபின், தொகுப்பியில்தான் கோளாறு என்று அறிவித்துவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். மூத்த சக ஊழியர் ஒருவர், அதை அறிவிக்கும் முன், ஓடும் நிரலின் நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டு கருவியின்கீழ் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்றார். மதிப்பிடப்படாத, அதாவது தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்கப்படாத, ஒரு மாறியை நம்பி நிரல் முடிவெடுக்கிறது என்று அந்தக் கருவி வரி எண்ணோடு காட்டியது. ஒரு நிபந்தனையின் ஒரு கிளையில் மட்டும் மதிப்பு பெற்ற மாறி, மற்றொரு கிளை வழியாக வந்தபோது நினைவகத்தில் முன்பு யாரோ விட்டுச்சென்ற எச்சத்தை ஏந்தி நின்றிருந்தது. அச்சிடும் வரியைச் சேர்த்தபோது அந்த எச்சம் மாறியதால் பிழையும் ஒளிந்துகொண்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. தொகுப்பி எங்களை எச்சரித்திருந்தது. இந்த வகை எச்சரிக்கையைத் தருவதற்கு ஜி.சி.சி., நிரலின் ஓட்டப் பாதைகளை, வேகத்துக்காக அதைத் திருத்தி அமைக்கும் மேம்படுத்தல் கட்டத்தில் ஆராய வேண்டியிருக்கிறது. நான் என் கணினியில் மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்ததால் எனக்கு அது வரவில்லை. வெளியீட்டுக்காகத் தொகுத்த கணினியில் வந்திருக்கிறது, வேறு சில நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே. அவற்றை எவரும் படிப்பதில்லை. அன்றிலிருந்து, புதிய நிரல் என்றால் முதல் நாளே எச்சரிக்கை எல்லாவற்றையும் திறந்துவைத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் தீர்த்த பிறகே அடுத்த வரி எழுதுவது என் வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கையைப் பிழையாகவே கருதித் தொகுப்பை நிறுத்திவிடும் விருப்பத்தேர்வும் உண்டு. அதை நம் குழுவின் கணினிகளில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பிறருக்கு மூல நிரலாகக் கொடுக்கும்போது அதை விட்டுவைக்கக் கூடாது. தொகுப்பியின் அடுத்த பதிப்பு புதிய எச்சரிக்கை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்ததும், நேற்றுவரை தொகுபட்ட நிரல் எங்கோ ஒருவரின் கணினியில் இன்று நின்றுபோகும்.

நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் பிழைநீக்கியின் துணை இருக்கும்போது அச்சிட்டுப் பார்ப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜி.டி.பி. முதல் இன்றைய தொகுப்புச் சூழல்களில் பொத்தானாக அமர்ந்திருக்கும் பிழைநீக்கிகள் வரை, எல்லாம் தொகுப்பி எழுதிவைக்கும் குறிப்புகளை நம்பியே இயங்குகின்றன. இந்த இயந்திரக் கட்டளை மூல நிரலின் எந்த வரியிலிருந்து பிறந்தது, இந்த மாறி இப்போது நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பன போன்றவை அக்குறிப்புகள். லினக்ஸில் இயங்கு கோப்பின் வடிவத்துக்கு எல்ஃப் என்றும், இக்குறிப்புகளின் வடிவத்துக்கு டுவார்ஃப் என்றும் பெயர். மேலைப் புராணக் கதைகளின் குட்டித் தேவதையையும் குள்ளனையும் சோடி சேர்த்து வைத்த குறும்பு அது. தொகுப்பி வேகத்துக்காக வரிகளை முன்பின்னாக மாற்றியும், ஒரு சார்பை (தனிப் பெயரிட்ட நிரல்துண்டை) இன்னொன்றுக்குள் கரைத்தும், மாறியையே இல்லாமல் செய்தும் விட்ட பிறகு அக்குறிப்புகளில் ஓட்டைகள் விழுகின்றன. மாறியின் மதிப்பைக் கேட்டால், மேம்படுத்தலில் நீங்கிவிட்டது என்ற பதில் வரும். ஒவ்வொரு வரியாக நகர்ந்தால் அம்புக்குறி மேலும் கீழும் துள்ளும். 2013-இல் வெளிவந்த ஜி.சி.சி. 4.8 பதிப்பில், பிழை தேடுபவருக்கு இடையூறு செய்யாத அளவுக்கு மட்டும் மேம்படுத்தும் நிலை ஒன்றைச் சேர்த்தார்கள். நல்ல முயற்சி, ஆனால் முழுத் தீர்வு இல்லை. ஆகவே, அச்சிட்டுப் பார்ப்பதைப் பழமை என்று எள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பல இழைகளில், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பல ஓட்டங்களில், ஓடும் நிரலில், பிழைநீக்கி ஓர் இழையை நிறுத்திய கணமே நேரக்கணக்கு மாறிப் பிழை காணாமல் போகும். அங்கே நேரம் குறித்த பதிவேடுதான் கைகொடுக்கும். மொசில்லாவில் உருவான ஆர்.ஆர். போன்ற கருவிகள் நிரலின் ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டு, அதே ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டவும், பின்னோக்கி நடக்கவும் வழி தருகின்றன. கெட்டுப்போன மதிப்பிலிருந்து தொடங்கி, அதைக் கெடுத்த வரிக்குப் பின்னோக்கி நடந்து போய்ச் சேர்வதில் ஒருமுறை சுகம் கண்டவர் பழைய முறைக்குத் திரும்ப விரும்பமாட்டார்.

வால்கிரைண்டு நிரலைப் பத்து முதல் முப்பது மடங்கு வரை மந்தமாக்கும். பின்னால் வந்த அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி, தொகுப்பியின் உதவியோடு நினைவக அணுகல் ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு சோதனையை நட்டுவைப்பதால், ஏறத்தாழ இரண்டு மடங்கு மந்தத்தோடு நினைவகப் பிழைகளில் பலவற்றைப் பிடித்துவிடுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன மதிப்பிடப்படாத மாறியை அது பிடிக்காது. அதற்கு வேறொரு சானிடைசர் தேவை. ஒரு கருவியை ஓட்டிவிட்டு நிம்மதி அடைவதும், கட்டுரையில் வந்த அந்த வரியின் இன்னொரு வடிவமே.

நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் தரும் இருகூறாக்கித் தேடும் வசதியைப் போல் எளிமையான மருந்து இல்லை. இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், நடுவில் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பாதியைக் கழித்துக்கொண்டே போனால் பத்தே சோதனைகளில் குற்றவாளி மாற்றம் கையில் கிடைக்கும். மாற்றங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பதிந்து வைத்தவர்களுக்கே இது பயன்படும். வார இறுதியில் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதிபவருக்குக் கிடைப்பது அந்த மூட்டை மட்டுமே.

பிழைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும் வாதங்களில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகவும் சிறியது. சி நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போனால், பல நேரங்களில் தொகுப்பி அடுத்த வரியைக் குற்றம் சாட்டும். வரி முடிவு என்பது அம்மொழியில் வெறும் இடைவெளி. அடுத்த சொல்லைப் பார்க்கும்போதுதான் ஏதோ குறைகிறது என்பதே தெரியவரும். காரணம் தெரிந்தவருக்கு இது வேடிக்கை. முதல் நாள் மாணவருக்கு வதை. பைதானிலும் நெடுங்காலம், திறந்த அடைப்புக்குறியை மூட மறந்தால், தவறே இல்லாத ஏதோ ஒரு வரியைச் சுட்டிக்காட்டித் தொடரியல் தவறு என்று மட்டும் வரும்; 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து, இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அது திறந்த இடத்தையே காட்டுகிறது. ரஸ்ட் தொகுப்பி ஒரு மதிப்பின் உரிமை எந்த வரியில் கைமாறியது, பிறகு எந்த வரியில் அது தவறாகப் பயன்பட்டது என்று இரண்டு இடங்களையும் ஒரே படத்தில் வரைந்து காட்டி, திருத்தமும் பரிந்துரைக்கிறது. ஜி.சி.சி.யின் செய்திகள் தெளிவடைந்ததில், கிளாங் தொகுப்பி போட்டியாக வந்ததற்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இங்கே தமிழில் நிரல் உரைகளை எழுதும் நமக்கென்று ஒரு சிறு தொல்லை இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ‘கொ’ என்ற ஒரே எழுத்து இரண்டு யூனிகோட் குறிகளாக, ஆறு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பிழை இருக்கும் இடத்தை பைட் கணக்கில் எண்ணும் கருவி வரியின் ஓரிடத்திலும், குறிக் கணக்கில் எண்ணும் கருவி இன்னோர் இடத்திலும் நின்று சுட்டும். கண்ணால் எண்ணும் நாம் மூன்றாவது இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். தொகுப்பிக்கும் நிரலைத் தட்டச்சு செய்யும் திருத்தி மென்பொருளுக்கும் இடையே பேச்சுமுறையை வகுத்து 2016-இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மொழிச் சேவையக நெறிமுறையிலும், எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது என்ற கேள்வி நெடுநாள் வாதத்துக்கு உரியதாக இருந்தது.

தொகுப்பியே தவறு செய்யாதா என்றால், செய்யும். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சி-ஸ்மித் என்ற கருவியால் தற்போக்கான சி நிரல்களைத் தயாரித்து, ஒரே நிரலைப் பல தொகுப்பிகளிடம் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக 2011-இல் வெளியிட்டார்கள். சேவியர் லெராய் தலைமையில் சரியானது என்ற கணித நிரூபணத்தோடு எழுதப்பட்ட காம்ப்செர்ட் தொகுப்பியில், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் மற்றத் தொகுப்பிகளில் கண்டது போன்ற பிழைகளை அவர்கள் காணவில்லை. ஆனாலும் புதியவர் ஒருவர் தொகுப்பியில் பிழை என்று சொன்னால், அனுபவசாலிகள் முதலில் நம்புவதில்லை. அதில் ஆணவம் இல்லை, எண்ணிக்கை அப்படி. நம்பவைக்க ஒரே வழி, பத்தாயிரம் வரி நிரலை வெட்டி வெட்டி, பிழை இன்னும் வெளிப்படுகிற இருபது வரியாகச் சுருக்கி, தொகுப்பியின் பதிப்பு எண், கொடுத்த விருப்பத்தேர்வுகள், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகியவற்றோடு முன்வைப்பது. அப்படிச் சுருக்கிக்கொண்டே வரும்போது, பத்தில் ஒன்பது முறை நம் பிழையே நம் கண்ணில் பட்டுவிடும். நானும் இப்படி மூன்று அறிக்கைகளைப் பாதியில் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

இன்னும் மேலே போனால், பிழை என்ற சொல் போதாத இடமும் வருகிறது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை ஏற்று ஆற்றி 1984-இல் அச்சான தம் உரையில் கென் தாம்ப்சன், மூல நிரலில் தடயமே இல்லாமல் தொகுப்பிக்குள் ஒரு கள்ள வாசலை வைத்து, அந்தத் தொகுப்பியால் தொகுக்கப்படும் அடுத்த தொகுப்பிக்கும் அது தானாகவே தொற்றும்படி செய்ய முடியும் என்று விளக்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் மாத இறுதியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசல் ஒன்று இருப்பது வெளிப்பட்டது. அதை இணைத்த கட்டளைகள், எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் முழுமையாக இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் தொகுப்பை நடத்தும் துணைக் கோப்பில் ஒளிந்திருந்தன. அந்த நிரல் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தொகுபட்டது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு, தொலைக் கணினிக்குள் நுழைய ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அதற்கு முன் வால்கிரைண்டு காட்டியிருந்த புரியாத செய்திகளையும் நினைவில் வைத்திருந்து, நூலைப் பிடித்துக்கொண்டே போனவர். அரை வினாடியை ஒருவர் பொருட்படுத்தினார் என்பதால் எத்தனையோ கணினிகள் தப்பின.

கட்டுரையின் பெட்டிச் செய்தியில், 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய விட்டில் பூச்சியால்தான், பிழையைக் குறிக்கும் பக் (ஆங்கிலத்தில் பூச்சி) என்ற சொல்லே பிறந்தது என்றும் இருந்தது. அந்தப் பூச்சியை ஒட்டிவைத்த குறிப்பேட்டிலேயே, உண்மையான பூச்சி அகப்பட்ட முதல் நேர்வு என்ற பொருளில் கிண்டலாக எழுதியிருக்கிறார்கள். சொல் முன்பே வழங்கியிருந்தால்தானே அந்தக் கிண்டல் செல்லும். எடிசன் 1878-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே கருவிக் கோளாறுகளை அச்சொல்லால் குறித்திருக்கிறார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இன்னொரு மொழியின் கட்டளைகளை வரிசைப்படுத்துவதற்குப் பதிலாக, குறையின்றித் தொகுபட்டு, ஓடும்போது தவறான விடை தரும் சிறு நிரல் ஒன்றை அச்சிட்டு, அந்தப் பிழையைத் தேடிப் போகும் வழியை, தவறிப்போன ஊகங்களையும் மறைக்காமல், படிப்படியாக எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கேற்ற நிரல்கள் என்னிடம் நிறையவே சேர்ந்திருக்கின்றன. தேவைப்பட்டால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மென்பொருள் நிரலாளர்